பிரிக்காத கடிதத்தின் வரி

ஐம்பது வயதுவரை அந்த லிஃப்ட் மெக்கானிக் படித்ததெல்லாம் மோட்டார் வரைபடமும் எச்சரிக்கைப் பலகையும்தான். கதைப் புத்தகம் என்றாலே எட்டிக்காய். அப்படிப்பட்டவர் ஒரு மாயாஜால நாவலை நான்கு தடவை படித்தார். அது அவர் மகனுடைய புத்தகம்.

ஒருநாள் கோபத்தில் மகனை "தண்டச்சோறு" என்று சொல்லிவிட்டார். பையன் அன்றே கிளம்பிவிட்டான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். ஏழு மாதம் கழித்து அவன் தங்கியிருந்த விடுதியின் முகவரி கிடைத்தது. "தப்பு என்மேலதான்டா. வீட்டுக்கு வா" என்று கடிதம் போட்டார். பதில் இல்லை. மூன்றாவது வாரம் விடுதிக்காரர் கூப்பிட்டார். காய்ச்சல் முற்றி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்திருந்தது.

பையனின் பெட்டியில் கடிதம் கிழிந்த உறையோடு கிடந்தது.

"அவன் பிரிச்சதா?"

"தெரியலைங்க. உங்க நம்பரைத் தேடி, பதற்றத்துல எல்லாத்தையும் நான்தான் கிழிச்சுப் புரட்டினேன். முன்னாடியே பிரிஞ்சிருந்ததான்னு கவனிக்கலை," என்றார் விடுதிக்காரர்.

கூடவே அந்த நாவலும் இருந்தது. அதில் சாபம் வாங்கிய இளவரசன், அப்பா அனுப்பிய ஓலையைப் பிரிக்காமலே நெருப்பில் போடுகிறான். கடைசியில் போர்க்களத்தில் சாகும்போது, அந்த ஓலையின் ஒரு வரியை முணுமுணுக்கிறான். பக்க ஓரத்தில் மகன் பென்சிலால் எழுதியிருந்தான்: 'பிரிக்காம எப்படித் தெரியும்?'

மெக்கானிக்குக்குக் கிறுக்கே பிடித்துவிட்டது. விசாரித்து விசாரித்து, மருந்துக்கடை மாடியில் குடியிருந்த எழுத்தாளர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

எழுத்தாளர் அவர் காட்டிய பக்கத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "நடுவுல ரெண்டு வருஷம் எழுதாம விட்டுட்டேன். முன்னாடி எழுதினது மறந்துபோச்சு. அடுத்த பதிப்புல திருத்திடறேன்."

"திருத்தாதீங்க சார். அந்த இளவரசன் ரகசியமாப் படிச்சான்னு சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை."

"கதைதானேங்க..."

மெக்கானிக் தன் கடிதத்தை எடுத்து நீட்டினார். எழுத்தாளர் படித்தார். முகம் வெளுத்தது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். "என்ன சொன்னாரு?"

"படிச்சுட்டுத்தான் நெருப்புல போட்டானாம்." வாய் கூசாமல் சொன்னார்.

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நம்ம புள்ளை படிச்சுட்டுமா வரலை?"

இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை.

"காய்ச்சல்ல கிடந்தவன் எப்படிடி வருவான்?" என்று ஆரம்பித்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளருகே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.