கானா அக்காவின் ஒற்றைச் செருப்பு

இதை எழுத ஒன்பது வருடம் தயங்கினேன். ஒவ்வொரு நவராத்திரிக்கும் வீடு கழுவும்போது, வாசலோரச் செருப்புத் தட்டின் அடியில் கிடந்த அந்த ஒற்றைச் செருப்பு என் கையில் வரும். கறுப்புத் தோல், வலது கால், பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைக் கொளுவி. இந்த முறை எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். துடைத்துவிட்டுத் திரும்பவும் அதே இடத்தில் வைப்பேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், எனக்கு எழுத்து வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தடுத்தது எழுத்தல்ல, வெட்கம்.

அது கானா அக்காவின் செருப்பு. ஆபிரிக்காவில் கானா நாட்டிலிருந்து வந்தவர் என்பதால் என் மனைவியும் நானும் அப்படித்தான் கூப்பிட்டோம். இத்தாலியில் பலெர்மோவில், வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் உள்ள பழைய மாடிக் கட்டடங்களில் அவரும் நானும் மூன்று வருடம் ஒன்றாகப் படி கழுவினோம். அவர் மேலிருந்து கூட்டிக்கொண்டு இறங்குவார், நான் பின்னால் துடைத்துக்கொண்டு வருவேன். அது முடிய, கபோப் பகுதியில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவைக் குளிப்பாட்டப் போவார். பின்னேரம் நோயாளர் பராமரிப்புப் படிப்பு. அப்போது அவருக்கு ஐம்பது வயது. உடம்பின் எலும்புகளுக்கு இத்தாலியனில் என்ன பெயர் என்று ஒரு துண்டில் எழுதி வாளிப் பிடியில் ஒட்டியிருப்பார். படிக்கு ஒரு எலும்பு. நாலாம் மாடியில் மண்டையோட்டில் தொடங்கினால் வாசலுக்கு வரக் கால்விரல் வந்துவிடும். நடுவில் ஒன்று மறந்துபோனால் வாளியையும் தூக்கிக்கொண்டு திரும்ப மேலே ஏறுவார். "உங்களுக்கென்ன விசரோ அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "முழங்காலை விட்டிட்டு மனுசர் நடக்கேலுமோ தம்பி?" என்றார். நாங்கள் கதைத்தது அரைகுறை இத்தாலியனில். 'தம்பி' மட்டும் அவர் வாயிலிருந்தே வந்த தமிழ்.

ஒன்பது வருடத்துக்கு முன் என் மனைவிக்கு வயிற்றில் பெரிய ஒப்பரேசன். எல்லாம் நல்லபடி முடிந்தால் சாந்தா றோசாலியா அம்மாவின் திருவிழாவுக்கு முன் வெறுங்காலோடு பெல்லெக்ரினோ மலை ஏறி அவளைக் கும்பிடுவதாக நேர்த்திக்கடன் வைத்திருந்தாள். அம்மா கத்தோலிக்கரின் புனிதை, நாங்கள் சைவக்காரர். ஆனாலும் இந்த ஊரில் எங்களைக் காப்பவள் அந்த மலைக் குகையில் இருக்கும் அம்மாதான் என்று நம்புகிறோம். ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. ஆனால் மலை, படி என்ற பேச்சே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். படி கழுவியே பழுதான என் முழங்காலோ சப்பாத்துப் போட்டும் நொண்டியது. நாள் நெருங்க நெருங்க மனைவி சாப்பாட்டை ஒதுக்கினாள். நேர்த்தி பிழைத்துவிடும் என்ற பயத்தில் ஆறவேண்டிய உடம்பு ஆறாமல் கிடந்தது.

கானா அக்கா வியாழக்கிழமைகளில் சூப் காய்ச்சிக் கொண்டுவந்து அவளைக் குளிப்பாட்டுவார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் உங்கடை சிலையளைக் கும்பிடமாட்டன். என்ரை சபையிலை அது இல்லை. ஆனா சொன்ன சொல்லு நடக்கவேணும். ஞாயிற்றுக்கிழமை என்ரை கால் சும்மாதானே இருக்கு." சும்மா இருக்கிற கால் அல்ல அது. ஆறு நாளும் நின்று களைத்த கால். கிழமையில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு நாள், அதுவும் சபைக்குப் போகும் நாள். மனைவி அவருடைய காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். "என்ரை காலா நினைச்சு நடவுங்கோ அக்கா" என்றாள்.

சபைக்குப் போடும் செருப்போடு வந்தவர் மலையடிவாரத்தில் அதைக் கழற்றினார். ஒரு பையில் போட்டு நான் தூக்கிக்கொண்டேன். கல் பாவிய பழைய பாதை வளைந்து வளைந்து ஏறும். கீழே துறைமுகமும் கடலும். அவர் ஒன்றும் கதைக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. செபமோ எலும்புகளோ, தெரியாது. பாதி வழியில், எங்கள் தமிழ்ச் சங்கத்து அண்ணர் குடும்பத்தோடு இறங்கி வருவது மேல் வளைவில் தெரிந்தது. எங்கள் ஆட்களிடையே பெயர் பெற்றவர். என் கையிலோ ஒரு ஆபிரிக்கப் பெண்ணின் செருப்பு. யோசிக்கவே இல்லை. பையைப் பாதையோரச் சுவருக்கு அப்பால் எறிந்தேன்.

"என்ன தம்பி, நொண்டி நொண்டி ஏறுறீர்? நேர்த்தியோ?"

"ஓம் அண்ணை. மனுசிக்காக."

"அந்தக் காப்பிலி உம்மோடையோ வந்தது?"

"சீச்சீ, அது ஆரோ" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கறுப்பினத்தவரை எங்கள் ஆட்கள் கேவலமாகச் சொல்லும் சொல் அது. நாலடி முன்னால் நின்ற கானா அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். இந்த ஊர்த் தெருக்களில் எங்கள் வாயிலிருந்து எத்தனை தரம் கேட்டிருப்பார்.

அடுத்த வளைவில் எனக்காகக் காத்து நின்றார். என் வெறுங்கையைப் பார்த்தார். "பை விழுந்திட்டுது அக்கா" என்றேன். "நட" என்றார். குகையில் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வாசலோடு நின்றுகொண்டார். "உள்ளை போய் உங்கடை அம்மாட்டைச் சொல்லு, உன்ரை மனுசி வந்திட்டா எண்டு."

திரும்பி வரும்போது சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தோம். சரிவு முழுக்க நாகதாளிக் கள்ளிப் பற்றை, பை தெரியவில்லை. என் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தேன். "இதுக்குள்ளை என்ரை ரெண்டு விரல்தான் போகும்" என்று சிரித்தார். அடிவாரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தடவியபடி கேட்டார்: "ஏறினது உன்ரை மனுசிக்கு, தம்பி. இறங்கினது ஆருக்கு?"

என் வெட்கத்துக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு தடியோடு போய்ப் பற்றையைத் துழாவினேன். ஒன்றுதான் அகப்பட்டது. சோடியாகக் கிடைத்திருந்தால் கொடுத்து மன்னிப்புக் கேட்டிருப்பேனோ என்னவோ.

அவர் வழக்கம்போல வியாழக்கிழமை சூப்போடு வந்தார். மனைவி சாப்பிடத் தொடங்கினாள், தேறினாள். அந்த வருடச் சங்க ஒன்றுகூடலில் சங்கத்து அண்ணர் ஒலிவாங்கியைப் பிடித்து, ஏலாத காலோடு மனைவியின் நேர்த்தியைத் தீர்த்தவன் என்று என்னைப் புகழ்ந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கைகூப்பினேன். பக்கத்தில் மனைவி தலை குனிந்திருந்தாள். அந்தக் கதை லண்டன், கனடா வரைக்கும் போய்விட்டது.

கானா அக்கா பராமரிப்புப் படிப்புச் சோதனையில் பாஸ் பண்ணினார். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் அவர் வேலைக்கு நிற்கும் நேரத்தில் மற்றப் பணியாளர்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. முன்பு 'கறுப்பி என்னைத் தொடக்கூடாது' என்று கத்திய ஒரு கிழவர் இன்று அவர் ஊட்டினால்தான் சாப்பிடுவாராம். சில நாள் பஸ்ஸில் காண்பேன். வெள்ளை உடுப்போடு, மடியில் பையை வைத்தபடி நித்திரையாக இருப்பார். எழுப்ப மனம் வராது.

எனக்கும் இப்போது களைப்புத்தான். இந்தப் பொய்யைச் சுமந்து நடக்க ஏலாது என்று தோன்றியது. போன மாதம் செருப்பைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், எறிந்தேன் என்பதைச் சொன்னேன்.

"அது அண்டைக்கே தெரியும். கையாலை விழுற பை சுவர் ஏறிப் பாயுமோ?" என்றார். செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்டை வைச்சு நான் என்ன செய்ய? உன்ரை வீட்டிலையே இருக்கட்டும். ஆரும் கேட்டா, ஆற்றை செருப்பு எண்டு சொல்லு."

அது இப்போது எங்கள் செருப்புத் தட்டின் மேல் வரிசையில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி இருக்கிறது. அண்ணர் சொன்ன கதை உங்கள் காதுக்கும் வந்திருந்தால், அதைச் சொன்னவருக்கு இதைச் சொல்லுங்கள். எனக்காக ஒன்றையும் குறைக்க வேண்டாம், நான் சிரித்ததையும் விட வேண்டாம். மலை ஏறியவர் கானா அக்கா. செருப்பை எறிந்தவன் நான்.