வெள்ளையில் வெள்ளைப் பூ

நஜியா துணியைக் கையில் வாங்கியதும் விரித்துப் பார்ப்பதில்லை. ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடிக்கிறார். வெறும் வெள்ளையாகக் கிடந்த துணியில் அப்போதுதான் கொடியும் பூவும் எழுந்து வருகின்றன. "டமாஸ்க்க நேரா பாத்தா ஒண்ணுமே தெரியாது. சாச்சித்தான் பாக்கணும்."

அதில் சாயமும் இல்லை, பூத்தையலும் இல்லை. ஒரே வெள்ளை நூலை நெசவில் திசைமாற்றிப் படுக்கவைத்தே பூவை வரவழைத்திருப்பார்கள். நூல், ஆளிச்செடித் தண்டின் நார்; லினன் என்பது அதுதான். பெயர் டமாஸ்கஸ் நகரத்துடையது. அங்கிருந்து ஐரோப்பா போன பூப்போட்ட பட்டின் பெயர் பிறகு லினனுக்கும் ஒட்டிக்கொண்டது. "நம்ம ஷாம் நாட்டு ஊருதாங்க, இப்பச் சிரியாங்கறாங்களே. சார்ஜாவுக்குப் போனப்பறம்தான் எனக்கே தெரியும்" என்று என்னிடம் சொல்கிறார்.

சார்ஜாவில் ஓர் ஓட்டலின் துணி அறையில் பல வருடம் இருந்தவர். விருந்து மேசை விரிப்பு, மடியில் போடும் நாப்கின் எல்லாம் டமாஸ்க். சிகரெட் சுட்டாலும் கத்தி கிழித்தாலும் இழை ஓட்டி மூடுவது இவர் வேலை. திருப்பாதிரிப்புலியூருக்குத் திரும்பியதும் வீட்டு முன்னறையில் டார்னிங் கடை போட்டார். இலையில் சாப்பிடுகிற ஊரில் மேசைத்துணிக்கு யார் வருவார்கள் என்று அக்கா ரசியா சிரித்தார். சிதம்பரம் மண்டபக்காரர்கள் வந்தார்கள், பிச்சாவரம் ரிசார்ட்காரர்கள் வந்தார்கள். ஊசி கையில் இருக்கும்போது நஜியா பேசமாட்டார். போன் அடித்தால் கால் கட்டைவிரலால் அமர்த்திவிடுவார்.

போன வருடம் கண்ணில் புரை விழுந்தது. "கலரெல்லாம் தெரியுது. வெள்ளையில வெள்ளைதான் தெரியல." வந்த துணிகளைத் திருப்பி அனுப்பினார். ஆபரேஷன் முடிந்த பிறகும் டமாஸ்க்கைத் தொடப் பயம். நைட்டிக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மாதா கோயில் ஊழியர் ஆரோக்கியராஜ் பீட விரிப்போடு வந்து நின்றார். மெழுகுவர்த்தி சாய்ந்து பூவின் நடுவே பொத்தல். சனிக்கிழமை அந்தப் பீடத்தின் முன்தான் அவர் மகள் சுவேதாவுக்குக் கல்யாணம்.

"வேற துணி போட்டுக்கலாம்னு ஃபாதர் சொல்லிட்டாரு தங்கச்சி. எனக்குத்தான் மனசு ஒப்பல. என் கல்யாணத்துக்கும் இதத்தான் விரிச்சிருந்தாங்க."

"புதுக் கண்ணு அண்ணே. எனக்கே இன்னும் நம்பிக்க வரல. கெட்டுப்போச்சின்னா?"

"இனிமே கெட என்னம்மா இருக்கு? ஓட்டதான."

நஜியா சிரித்துவிட்டார். விரிப்பை வாங்கிக்கொண்டார்.

பொத்தலுக்கான நூலை அந்த விரிப்பின் மடிப்போரத்திலிருந்தே உருவினார். ஜன்னலில் காலை வெளிச்சம் இருக்கும்வரைதான் வேலை. முதலில் போட்ட இழைகளில் இதழ் தப்பான பக்கம் மினுங்கியது. அன்று மாலையே அத்தனையையும் பிரித்துப்போட்டார். ரசியா சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. மறுநாள் நான் போனபோது மறுபடியும் ஓட்டிக்கொண்டிருந்தார். ஊசி கையில் இருக்கும்போதே பேசினார்; என்னிடம் அல்ல. "தெரியுது… தெரியுது…"

வெள்ளிக்கிழமை ஆரோக்கியராஜ் வந்தார். விரிப்பை மேசைமேல் பரப்பி, உள்ளங்கையால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"எந்த எடம்மா?"

நஜியாவின் சுட்டுவிரல் ஒரு பூவை நோக்கி நீண்டது. பாதி வழியில் மடங்கியது.

"நீங்களே தேடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.