அம்மா எழுந்து நின்ற வெள்ளிக்கிழமை

தோஹாவில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நான்கு ஃபிளாட்டுகள். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான், ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டு ஹாலில். சோறு அந்த வீட்டுப் பொறுப்பு, கறிகள் மற்றவர்களுடையவை. யார் எதைச் சமைப்பது என்ற அட்டவணையை நான் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தேன். யாரும் கேட்டு நான் செய்யவில்லை. கொங்கிரீட் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன் வேலை என்னுடையது. எழுதி வைக்காத எதையும் நான் நம்புவதில்லை.

நானும் கணவரும் வந்த புதிதில் மூன்று வீடுகளில்தான் ஆட்கள் இருந்தார்கள். பக்கத்து ஃபிளாட்டில் யாழ்ப்பாணத்து அக்கா குடும்பம். எதிர் ஃபிளாட்டில் கேரளத்து நர்ஸ் ஒருவரும் கணவரும். நான்காவது பூட்டிக் கிடந்தது. முதல் வெள்ளிக்கிழமையே யாழ்ப்பாணத்து அக்கா விசாரித்தார்.

"நீங்கள் எவ்விடம்?"

"கேகாலை."

"அங்க தமிழ் ஆக்கள் இருக்கினமோ?"

"இருக்கிறோம் அக்கா."

"அப்பா என்ன செய்தவர்?"

"தோட்டத்து ஆபீஸ்ல இருந்தாரு."

அப்பா தோட்டத்து ஆபீசுக்கு ஒரே ஒரு முறை சுண்ணாம்பு அடிக்கப் போயிருக்கிறார். மற்றபடி இறக்கும்வரை அவர் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிடும் தொழிலாளி. அம்மா பால் வெட்டுபவர். விடியும்போதே கத்தியும் வாளியுமாக மலையேறி, ரப்பர் மரப்பட்டையைச் சீவிச் சிரட்டையில் பாலை இறக்குவார். நான் பிறந்தது லயத்து வீட்டில், தொழிலாளர்களுக்குத் தோட்டம் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்றில். தேயிலை மலைகளில் ஹட்டன் பக்கம் பிறந்திருந்தால் சுற்றிலும் எங்களைப் போன்ற தோட்டத் தமிழர்கள் இருப்பார்கள், மறைக்கத் தோன்றியிருக்காதோ என்னவோ. கேகாலைப் பக்கம் நாங்கள் கொஞ்சம் பேர். கடையில் சிங்களத்தில் பேசி, பஸ்ஸில் சிங்களத்தில் பேசி, யார் என்று தெரியாமலே ஒரு நாளைக் கடத்திவிடலாம். தொழில்நுட்பக் கல்லூரி விடுதியில் யாரோ கேட்டபோது முதன்முதலாக "ஆபீஸ்" என்றேன். அதன் பிறகு வாய் தானாகச் சொல்லப் பழகிவிட்டது. தோஹாவில் யாரும் என்னைத் தாழ்வாக நடத்தவில்லை. அதனால் அந்தப் பொய்க்குச் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

மகள் பிறந்து என் லீவு முடிந்தபோது அம்மாவை அழைத்தோம். விசா ஒரு மாதத்துக்கு. பிறகு இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். மூன்று மாதமும் அம்மா இருந்தால் குழந்தை கொஞ்சம் கழுத்து நிமிர்ந்து, உட்காரப் பழகிவிடும். அதற்குப் பிறகு யாரிடமாவது விடலாம் என்பது எங்கள் கணக்கு. கீழ் மாடியில் ஐந்தாறு பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் இருந்தார். மூன்று மாதக் குழந்தையை அங்கே விட எனக்கு மனம் வரவில்லை.

அம்மா வந்த அன்றே ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தேன். பதினான்கு குறிப்புகள். லிஃப்டில் எந்தப் பொத்தான், கேஸை எப்படி மூடுவது, மணி அடித்தால் யாருக்குத் திறப்பது, பகலில் குழாயில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வருவதால் குழந்தைக்கு முதல் நாளே வாளியில் பிடித்து வைக்க வேண்டும் என்பது வரை. அம்மா சத்தமாக வாசித்தார்.

"என்னா புள்ள இது, பெரட்டுல கங்காணி வேல சொல்ற மாதிரி?"

தோட்டத்தில் கங்காணி என்ற மேற்பார்வையாளர் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் இடம்தான் பெரட்டு. என் கணவர் சிரித்தார். "எனக்கும் இப்படி ஒன்னு குடுத்திருக்காங்க அத்த. அதுல இருபது."

"பாவம் தம்பி நீங்க."

பதின்மூன்றாவது குறிப்பில் அம்மாவின் குரல் நின்றது. 'என்ன வேலை என்று யாராவது கேட்டால் வீட்டில்தான் என்று சொல்லவும். அதிகம் பேச வேண்டாம்.' அம்மா தாளை நான்காக மடித்தார்.

"சரி. வீட்டுலதான்" என்றார்.

அடுத்த இரண்டு வாரங்களைப் போல நாட்கள் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் ரொட்டி வாசம் வரும். குழந்தை குளித்து, நெற்றியில் பொட்டோடு இருக்கும். அம்மா பால்கனிக் கண்ணாடி வழியே வெளுத்த வானத்தைப் பார்ப்பார்.

"ஒரு நாளும் மழையே இல்லியா இங்க?"

"வருசத்துல ரெண்டு மூணு நாள் பெய்யும்மா."

"அடேயப்பா. நம்ம ஊருல இப்படி இருந்தா மாசம் பூரா பேர் விழுமே. ஒரு அரைப்பேர்கூட இருக்காது."

மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. வேலை செய்த நாளுக்குத்தான் பேர், பாதியில் நின்றால் அரைப்பேர். வானம் சும்மா காய்ந்து வீணாவது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குள் இப்படி ஓயாமல் பேசியவர், வெள்ளிக்கிழமைகளில் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கேட்டதற்கு ஒரு சொல், இரண்டு சொல் என்று பதில் சொன்னார். "உங்கட அம்மா சரியான அமைதி" என்றார் யாழ்ப்பாணத்து அக்கா. நானும் தலையாட்டினேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு முறை. அந்த வாரம்தான் நான்காவது ஃபிளாட்டுக்கு ஆள் வந்திருந்தார்கள். கண்டியில் வளர்ந்த தமிழ்க் குடும்பம், அந்தப் பெண்ணுக்கு என்னைவிட நான்கைந்து வயது கூட. அவர்களையும் அழைத்திருந்தோம். அம்மா மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சு ஊர்களைப் பற்றிப் போயிற்று.

"நாங்க கண்டிக்கு வந்தது பிறகுதான்" என்றார் புதிதாக வந்த பெண். "சின்னதுல கேகாலைப் பக்கம் தோட்டத்துல இருந்தோம். அப்பா அங்க பெரிய கிளாக்கர்."

அம்மா எழுந்து நின்றார். கையில் தட்டு, விரலில் சோறு.

தோட்டத்தில் ஆபீஸ் உத்தியோகத்தரான கிளாக்கர் லயத்துப் பாதையில் வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுவார்கள். அவர் மனைவி வந்தாலும், பிள்ளை வந்தாலும் எழுவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததல்ல. இப்போது இளம் பிள்ளைகள் எழுவதில்லை. அம்மாவின் வயதுக்காரர்கள் இன்னும் எழுகிறார்கள். அந்தப் பெண்ணின் அப்பா எங்கள் தோட்டத்துக் கிளாக்கர்கூட இல்லை. கிளாக்கர் என்ற சொல் போதுமானதாக இருந்தது.

"ஐயோ, இருங்கம்மா. ஏன் எழும்புறீங்க?" அந்தப் பெண் பதறினார்.

"இருக்கட்டுங்கம்மா. நீங்க சாப்பிடுங்க."

மகள் வயதுப் பெண்ணை அம்மா, எஜமானியை அழைப்பதுபோல, 'அம்மா' என்று அழைத்தார். மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாழ்ப்பாணத்து அக்கா, "என்ன அம்மா, கறி ஏதும் வேணுமோ?" என்று பாத்திரத்தைத் தூக்கினார். நர்ஸ் தண்ணீர் கிளாசை நீட்டினார். எல்லோரும் அம்மாவைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"அம்மாவுக்கு முழங்கால் வலி" என்றேன். "ரொம்ப நேரம் உட்கார ஏலாது."

கிளாக்கர் மகள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் தெரிந்துவிடும். அவர் தட்டைப் பார்த்தபடி, "ஆமா, எங்கம்மாவுக்கும் இப்படித்தான்" என்று எனக்காகச் சொன்னார். அம்மா மீதிச் சோற்றை நின்றபடியே சாப்பிட்டு முடித்தார்.

எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே அம்மா கேட்டார்.

"எந்தக் காலு?"

"என்னம்மா?"

"வலிக்கிற காலு. எடதா, வலதா? நாளைக்கு லிஃப்டுல அவங்களக் கண்டா நொண்டணுமே."

என் கணவர் சிரித்துவிட்டார், அம்மாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"நீங்க ஏம்மா எழும்புனீங்க? இங்க யாரு அதெல்லாம் பாக்குறா?"

"நானா எழும்புனேன்? காலு எழும்பிருச்சு."

"எல்லாரும் ஒரு மாதிரியாப் பாத்தாங்க."

அம்மா குழாயை மூடினார். "எழும்புனதுல எனக்கு ஒன்னும் கொறஞ்சு போகல்ல புள்ள. பழக்கம். ஆனா இந்தக் காலு ஒரு நாளும் வலிக்கல்ல. இத வச்சு மலையேறித்தான் ஒன்னப் படிக்க வச்சேன். இதப் போயி நோவுக் காலுன்னு சொல்லிப்புட்டியே."

உள்ளே குழந்தை அழுதது. குழந்தையைத் தூக்கப் போனேன். மன்னிப்புக் கேட்பதை அது ஒரு நிமிடம்தான் தள்ளிப்போடுகிறது என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார், அடுத்த நாள் சமையலைப் பற்றிப் பேசினார். நானும் சமையலைப் பற்றியே பேசினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, "புள்ள தூங்குது, நீங்க போயிட்டு வாங்க" என்றார் அம்மா. நான் வற்புறுத்தவில்லை. அம்மாவுக்கு ஒரு தட்டில் எடுத்து வந்தேன். அன்று எனக்குள் இருந்தது நிம்மதிதான், அதை இப்போது மாற்றி எழுத முடியாது.

விசா நீட்டும் படிவத்தைப் பூர்த்தி செய்து வைத்திருந்தேன். கையெழுத்துக்கு நீட்டியபோது அம்மா பேனாவை வாங்கவில்லை.

"வேணாம் புள்ள. என் மரத்தையெல்லாம் வேற ஆள் வெட்டுதாம். கத்தி ஆழமாப் போனா பட்ட கெட்டுரும், பெறகு பாலே எறங்காது."

"பாப்பாவ யாரும்மா பாக்குறது?"

"கீழ ஒரு பொம்பள இருக்குன்னியே."

காரணம் மரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். மரத்தைக் காரணமாக ஏற்றுக்கொள்வது எனக்கும் சுலபமாக இருந்தது. ஒரு மாதம் முடிந்த அன்று அம்மா போனார். மறுநாள் காலை குழந்தையைக் கீழ் மாடியில் விட்டேன். முதல் மூன்று நாள் அது பால் குடிக்கவில்லை. நான்காம் நாள் குடித்தது.

பிறகு இரண்டு முறை அழைத்தேன். ஒரு முறை ஊரில் இருக்கும் என் தம்பிக்குச் சுகமில்லை என்றார். இன்னொரு முறை கோயில் திருவிழா. மகளுக்கு இப்போது ஒன்றேகால் வயது.

போன மாதம் ஒரு மாலை மாடி நடைபாதையில் மகள் நடை பழகிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் புறப்பட்ட நர்ஸ் நின்று, "பாட்டி பிறகு வரவே இல்லையே, முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. என்னால் முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி இல்லை, அவர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி என்று சொன்னேன்.

"ரப்பரா!" அவர் முகம் மலர்ந்தது. "எங்க வீட்லயும் ரப்பர்தான். அச்சன்தான் வெட்டுவார். அச்சனுக்குச் சுகமில்லாத நாள்ல நானே வெட்டியிருக்கேன், நர்ஸிங் படிக்கப் போறதுக்கு முன்னாடி. அங்கே மழைக்கு மரத்தில பிளாஸ்டிக் கட்டுவாங்களா? அம்மாவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மரம்?"

எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் மரங்கள் எத்தனை என்று நான் கேட்டதே இல்லை. அம்மாவை ஃபோனில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"எதிர்வீட்டு நர்ஸு புள்ளையா? அட. குடு, குடு."

ஃபோனை அவரிடம் கொடுத்தேன். ஒருவர் தமிழிலும் ஒருவர் பாதி மலையாளத்திலும் பேசினார்கள். கத்தி பிடிக்கும் விதம், பட்டையின் சரிவு, சிரட்டையில் மழைத்தண்ணீர் விழுந்தால் பால் கெடுவது. நர்ஸ் ஒரு கையால் காற்றில் மரத்தைச் சீவிக் காட்டினார். அம்மா அந்தப் பக்கம் சத்தமாகச் சிரிப்பது எனக்குக் கேட்டது. லிஃப்ட் இரண்டு முறை வந்து திரும்பிப் போயிற்று. ஃபோன் என் கைக்கு வந்தபோது அம்மா வைத்துவிட்டிருந்தார்.

"எவ்வளவு நல்லா பேசுறாங்க!" என்றார் நர்ஸ். "ஒரு மாசம் இங்கேயே இருந்தாங்க. ஏன் எங்கிட்ட ஒண்ணுமே பேசல்ல?"

"பேச வேண்டாம்னு நான்தான் எழுதிக் குடுத்திருந்தேன்" என்றேன்.

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்டுக்காக நின்றார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.