ஒரே கம்பியில் வந்த ஓட்டுகள்

திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தேன். பீடோர் முழுக்கச் சிவப்பாகக் கிடந்தது.

பீடோர் என்றால் ஊர் முழுவதும் அல்ல, அங்கே உள்ள ஒரு சாப்பாட்டுக் கடை. அந்தக் கடையின் இணைய இணைப்பிலிருந்து ஓட்டுப் போட்ட அத்தனை அக்கவுண்ட்டுகள் மீதும் எங்கள் கணினி சிவப்புக் குறி வைத்துப் பூட்டியிருந்தது. எங்கள் பாஷையில் சிவப்பு என்றால் போலி. காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடும் கூட்டம்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன் என்பதால் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வீடியோ கேம் விற்கும் ஆன்லைன் கடை. கதவு கிடையாது, கல்லா கிடையாது. வாங்கியவரின் கணினிக்கே கேம் இறங்கிவிடும். ஈப்போ பழைய நகரில் ஒரு காப்பிக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். கீழே கொட்டை வறுக்கும் புகை எங்கள் ஏர்கானுக்குள் நுழைந்து, எங்கள் சட்டையில் ஏறி, எங்களோடு வீட்டுக்கு வரும்.

நான் பார்ப்பது யோசனைப் பெட்டி. கடையை எப்படிச் சீர்படுத்தலாம் என்று வாடிக்கையாளர் எழுதுவார். மற்றவர்கள் பிடித்திருந்தால் ஓட்டுப் போடுவார்கள். அதிக ஓட்டு வாங்கியது கோலாலம்பூரில் இருக்கும் இன்ஜினியர்களிடம் போகும். படிக்கப் படிக்க அலுக்காத பெட்டி அது. மனிதர்கள் பாராட்டும்போது ஒரே மாதிரி எழுதுகிறார்கள். குறை சொல்லும்போதுதான் ஒவ்வொருவரும் தன் முகத்தோடு வருகிறார்கள். "ஆசைப்பட்ட கேம் விலை இறங்கினால் எனக்குத் தகவல் அனுப்புங்கள், ஆனால் என் மனைவி பக்கத்தில் இருக்கும்போது சத்தம் வர வேண்டாம்" என்று ஒருவர். "இன்னும் ஒரு தடவை டவுன்லோட் முக்கால்வாசியில் நின்றால், தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு கட்டில் நீங்களே பிடித்துக் கொடுங்கள்" என்று இன்னொருவர். இதையெல்லாம் படித்துவிட்டு மாலையில் நடந்து போகும்போது, தெருவில் எதிரே வரும் ஒவ்வொருவரிடமும் உனக்கு எது உறுத்துகிறது என்று கேட்கத் தோன்றும்.

சிவப்புக் குறியும் சும்மா வந்ததல்ல. முன்பு ஒரு கேம் கம்பெனி ஆள் வைத்து ஓட்டுப் போட்டு, தன் யோசனையைத் தூக்கி முதலிடத்தில் வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் இந்த விதி: ஒரே இணைப்பு, ஒரே நேரம், ஒரே வாசகம் என்று ஓட்டுகள் வந்தால் கணினி பூட்டும். பிறகு ஒரு மனிதர் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். போலி என்று முடிவானால் அக்கவுண்ட் அழிந்துவிடும். உள்ளே சேர்த்து வைத்த அத்தனையும் கூடவே போகும்.

அந்த மனிதர் நான்தான்.

என் மேலாளர் வசந்தி. என்னைவிட வயதில் சிறியவள், வேலையில் பெரியவள். கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டாள். "அண்ணே, இது க்ளியர் கேஸ் லா. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிருங்க."

வசந்தியைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். கள்ள ஓட்டு அள்ளிக்கொண்டு போனது, அதுவரை நியாயமாக எழுதிக் காத்திருந்த வாடிக்கையாளர்களின் இடத்தை. அதற்காகச் சண்டை போட்டு அந்த விதியைக் கொண்டுவந்தவள் அவள்தான்.

ஆனால் பீடோர்க் கடையிலிருந்து வந்த யோசனையை நான் படித்திருந்தேன். "ஒருவர் இறக்கிய கேமைப் பக்கத்து மேசைக்காரரும் வாங்கியிருந்தால், அவர் மறுபடி முதலிலிருந்து இறக்காமல் முதல் ஆளின் கணினியிலிருந்தே எடுத்துக்கொள்ள வழி செய்யுங்கள். ஒரே குழாயில் நாங்கள் எல்லாரும் குடம் வைத்திருக்கிறோம்." கீழே காதர் என்ற பெயர், கடையின் தொலைபேசி எண். அடுத்தடுத்து வந்த ஓட்டுகள் எல்லாவற்றின் கீழும் ஒரே வரி: "ஆமாம், நாங்களும் கேட்கிறோம்."

போலி ஆள் தொலைபேசி எண் கொடுப்பானா? கூப்பிட்டேன்.

"எத்தன பொட்டலம்? சம்பல் வேணுமா?" என்றது ஒரு குரல். காதர்தான். நான் யார் என்று சொன்னதும் அந்தக் குரல் இறங்கிவிட்டது. "அண்ணே, எல்லார் கேமும் பூட்டிக் கெடக்கு. மத்தவங்க பரவால்ல, பொறுத்துக்குவாங்க. லூர்து அக்கா அக்கவுண்ட்ட மட்டும் மொதல்ல தொறந்து விடுங்க. அவங்க டீ கூட குடிக்காம வந்து ஒக்காந்துட்டுப் போறாங்க."

*

என்னால் நாற்காலியில் அரை நாள் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. கால் தன் பாட்டுக்கு ஆடும். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். கோப்பெங்கைத் தாண்டியபோது சுண்ணாம்பு மலைகள் மழையில் குளித்துவிட்டுத் துவட்டாமல் நின்றன. அதற்குப் பிறகு எண்ணெய் எடுக்கும் செம்பனை, செம்பனை, செம்பனை.

காதர் அண்ணன் கடையில் சாப்பிடுகிறவர்களைவிடப் பூட்டு திறக்கக் காத்திருக்கிறவர்கள் அதிகம். மடிக்கணினி, பழைய கைப்பேசி, வயர் பிதுங்கிய சார்ஜர். எல்லாரும் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் கொஞ்சம் பேர் மிச்சம். மரங்களுக்கு நடுவே சிக்னல் நூல் மாதிரி வரும். கேம் ஆட அந்த நூல் போதும். ஆனால் அப்டேட் வந்தால் பெரிய டவுன்லோட், அதற்குக் காதர் கடை வைஃபைதான். இரண்டு பேர் ஒன்றாக இறக்கினால் இரண்டும் நொண்டும். அதனால் முறை வைத்து இறக்குகிறார்கள். முன்னவருடையது முடியும்வரை பின்னவர் நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் டீயோடு உட்கார்ந்திருப்பார். முறை யாருடையது என்பதில் சண்டை வந்தால் தீர்ப்பு காதர் அண்ணனுடையது.

ஓட்டுப் போட்ட கதையையும் கேட்டேன். காதர் அண்ணன் யோசனையை எழுதி உரக்கப் படித்திருக்கிறார். மேசை மொத்தமும் சரி என்றது. கடை டேப்லட் கைக்குக் கை மாறியது. ஆளாளுக்குத் தங்கள் அக்கவுண்ட்டில் நுழைந்து ஓட்டுப் போட்டார்கள். கீழே எழுத வேண்டிய வரியைக் காதர் அண்ணனே எல்லாருக்கும் தட்டிக் கொடுத்தார். எங்கள் கணினி எதைக் கள்ளத்தனம் என்று படித்து வைத்திருக்கிறதோ, அதை அப்படியே வரிசை பிசகாமல் செய்திருக்கிறார்கள்.

அவரவர் வீட்டிலிருந்து அவரவர் சொல்லில் எழுதியிருக்கலாமே என்றேன். பதில் லூர்து அக்காவிடமிருந்து வந்தது. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவர். கழுத்தில் சிலுவை, கையில் மஞ்சள் கறை.

"லயத்துல தண்ணி வரலன்னா எல்லாரும் சேந்துதான் ஆபீஸ் வாசல்ல போயி நிப்போம். தனியா ஒருத்தன் போனா, அவன் தண்ணி கேக்கப் போகலன்னு அர்த்தம். அவனுக்கு வேற என்னமோ வேணும்."

எங்கள் விதி சொல்வது, உண்மையான ஆசை தனித்தனியாக வரும் என்று. அந்த மேசை சொன்னது, தனியாக வந்த ஆசையை நம்பாதே என்று. நானும் கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன்தான். இரண்டு பக்கமும் எனக்குப் புரிந்தது.

லூர்து அக்கா அக்கவுண்ட்டில் இருந்தது ஒரு பண்ணை. விதை போட்டு, நீர் ஊற்றி, வேலி கட்டி, மாடு வளர்க்கும் கேம். அவர் மகன் சேவியருக்கு ஜோகூரில் தொழிற்சாலை வேலை. பண்ணை இரண்டு பேருக்கும் பொது, ஆனால் அது அக்கா பெயரில் இருந்தது. போனில் பேசினால் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அத்தோடு சரி. பண்ணையில் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நின்று களை பிடுங்கும்போது அவன் சின்னக் கட்டத்தில் எழுத ஆரம்பிப்பான். சூப்பர்வைசர் ஏசியதை, ஒரு பெண்ணைப் பிடித்திருப்பதை, அப்பா கனவில் வந்ததை. வேலை செய்யும் கைகளுக்கு நடுவேதான் அவர்கள் வீட்டில் பேச்சு வரும் என்றார் அக்கா. இப்போது வாசல் பூட்டிக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை நான் போலி என்று எழுதினால் பண்ணையே இருக்காது.

*

கடையிலிருந்தே வசந்தியைக் கூப்பிட்டுப் பார்த்ததைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். நான் நல்லவன், சீக்கிரம் இளகுகிறவன், அதனால் என் வார்த்தை மட்டும் போதாது என்றாள். அதில் தப்பில்லை. "ஒவ்வொருத்தரா தனித்தனியா என்கிட்ட பேச விடுங்க அண்ணே. அஞ்சு நிமிஷம் பேசுனா எனக்குத் தெரிஞ்சிரும்."

நியாயமான வழி. மேசையில் சொன்னேன். மேசை இறுகிப்போனது.

"ஒருத்தர் ஒருத்தரா உள்ள கூப்புடுறது பழைய வேல தம்பி," என்றார் லூர்து அக்கா. தோட்டத்தில் பிரச்சினை வந்தால் ஆபீசுக்குள் ஒவ்வொருவராக அழைத்துப் பேசுவார்களாம். வெளியே வருகிறவனை மற்றவர்கள் சந்தேகமாகப் பார்ப்பார்களாம். "பண்ண போனாலும் போவுது. நான் தனியா போயிப் பேச மாட்டேன்." சொல்லிவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

போனை நான் அணைக்கவில்லை. மேசை நடுவில், சர்க்கரை டப்பாவில் சாய்ந்து கிடந்தது. வசந்தி அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பதை எல்லாரிடமும் சொன்னேன்.

மடியில் சும்மா கிடந்த அக்காவின் கைகளைப் பார்க்கத் தாங்காமல் செம்பனை லாரி ஓட்டும் மூர்த்தி வாயைத் திறந்தார். எல்லாம் காதர் எழுதிய யோசனையால் வந்த வினை. கேட்டிருக்க வேண்டியது அது இல்லை, கரண்ட் போய் வந்தால் டவுன்லோட் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும், அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்றார். காதர் அண்ணன் விடவில்லை. "அப்ப அன்னிக்கி ஏன்டா கை தூக்குன?"

"அது வேற. எல்லாரும் தூக்குனாங்க, தூக்குனேன். அதுக்காக நீ எழுதுனது சரின்னு ஆயிருமா?"

சலூன் வைத்திருக்கும் செல்வம் இரண்டு பேரையும் ஒதுக்கினார். முதலில் தமிழ் எழுத்து வேண்டுமாம், தேடும் கட்டத்தில் தமிழில் தட்டினால் கடை முழிக்கிறதாம். தமிழில் தட்டத் தெரியாதவனுக்குத் தமிழ் எழுத்து எதற்கு என்றார் மூர்த்தி. செல்வத்தின் கத்தரிக்கோலைப் பற்றியும் ஏதோ சொன்னார், அதை இங்கே எழுத முடியாது. வாங்கும் பட்டனும் வேண்டாம் என்கிற பட்டனும் ஒட்டி ஒட்டி இருப்பதால் தான் ஏற்கெனவே ஒரு குதிரைப் பந்தய கேம் வாங்கித் தொலைத்திருப்பதாக ஒருவர் பின் மேசையிலிருந்து கத்தினார். கடைசியில் லூர்து அக்காவே தாங்கமாட்டாமல், "சும்மா இருங்கடா, எனக்கு அந்தக் கேம் கடை கலரே புடிக்கல, கண்ணு எரியுது, நான் சொன்னனா?" என்றார்.

போனிலிருந்து சிரிப்பு வந்தது. அடக்கி அடக்கி, முடியாமல் வெடித்த சிரிப்பு.

"அண்ணே," என்றாள் வசந்தி. "காசு வாங்குனவங்க ஒருநாளும் இப்படிச் சண்ட போட மாட்டாங்க. எங்க வீட்டுப் பெருநாள் மாதிரியே இருக்கு. தொறந்து விடுங்க. எல்லாத்தையும்."

திறந்தேன். பூட்டிக் கிடந்த நாட்களில் ஒரு அப்டேட் வேறு வந்திருந்தது. முறைப்படி அன்றைக்கு மூர்த்தியின் முறை. அவர் தன் மடிக்கணினியை மூடிவிட்டு, "அக்கா, நீங்க போங்க" என்றார். பச்சைக் கோடு ஊர்ந்தது. காதர் அண்ணன் கேட்காமலே ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். பண்ணை திறந்தபோது பாத்திகள் காய்ந்து, பயிர் சாய்ந்து கிடந்தது. சேவியர் வேலையில் இருப்பான். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பாத்திக்கு நீர் ஊற்ற ஆரம்பித்தார். அவனுடைய பாத்தியிலிருந்து.

*

அந்த விதி இப்போதும் இருக்கிறது. ஆனால் கணினி பூட்டுவதற்கு முன் எங்களில் ஒருவர் கூப்பிட்டுப் பேச வேண்டும். அது வசந்தி சேர்த்தது. இந்த வேலையில் நான் கற்றதும் அதுதான், பிள்ளைகளே. ஒரே குரலில் வருவது ஒரே ஆள் என்று எண்ணிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் கூட உட்காருங்கள். அவர்கள் தங்களுக்குள் எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று கேளுங்கள். அப்போது எத்தனை பேர் என்று தெரியும்.

காதர் அண்ணன் கேட்டதும் நடந்தது. இன்ஜினியர்கள் நெடுநாள் எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஒருவர் இறக்கினால் அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களுக்கு அவர் கணினியிலிருந்தே கேம் போகிறது. ஒரு டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

போன வாரம் யோசனைப் பெட்டியில் பீடோரிலிருந்து புதிதாக ஒன்று வந்திருந்தது. "டவுன்லோட் ரொம்ப வேகமாகப் போகிறது. ஆட்கள் வந்ததும் கிளம்பிவிடுகிறார்கள், பேசக்கூட ஆள் இல்லை. கொஞ்சம் மெதுவாகப் போக ஒரு பட்டன் வைக்க முடியுமா லா?"

கீழே ஓட்டுகள். ஒரே இணைப்பு, ஒரே நேரம், ஒரே வாசகம். முதல் ஓட்டு லூர்து அக்காவுடையது.

விதிப்படி போனை எடுத்துக் காதர் கடைக்குக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள். யாரும் ஹலோ சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஏற்கெனவே சண்டை நடந்துகொண்டிருந்தது.