வெறுங்கையோடு ஏறிய கடைகள்

கடைகளைப் பற்றி எழுதத் தொடங்கியபோது எனக்கு நானே ஒரு கொள்கை வகுத்துக்கொண்டேன். எந்தக் கடையைப் பற்றி எழுதுகிறேனோ அந்தக் கடையில் ஒன்றும் வாங்குவதில்லை. வாங்கினால் எழுத்தில் சாய்வு வந்துவிடும் என்று, யாரும் கேட்காமலேயே விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்த ஐம்பத்து மூன்று வயதுக்குள் நான் ஒருநாளும் தவறாமல் கடைப்பிடித்த கொள்கை இது ஒன்றுதான். அதனால்தான் இவ்வளவு சேதம்.

மாத இதழ் நடத்தும் நண்பர் ஒருவர் கேட்டதில் ஆரம்பித்த வேலை அது. பட்டணத்துப் பெரிய கடைகளுக்கு விளம்பரப் பலகை இருக்கிறது, ஊர்க் கடைகளுக்கு ஒருவரும் இல்லை, மாதம் ஒரு ஊர், ஊருக்கு ஒரு கடை என்று எழுது என்றார். எனக்கும் ஆசைதான். யாழ்ப்பாணத்தில் அரை மணி நேரம் ஸ்கூட்டி ஓடினால் போதும். மண்ணின் நிறம் மாறும், கடைக்காரர் ஆளை ஏற இறங்கப் பார்க்கும் விதமும் மாறும். நான் காலை ஆறரைக்கே கிளம்பிவிடுவேன். அதற்குக் காரணம் சுறுசுறுப்பு அல்ல. வெயில் ஏறினால் அதைத் தடுக்க என் தலையில் ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே எந்தக் கடைக்குப் போனாலும், கதவு திறந்ததும் உள்ளே ஏறுகிற முதல் ஆள் நானாகத்தான் இருந்தேன்.

உரும்பிராயில், தோட்டத்துக்கு மருந்தடிக்கும் இயந்திரங்களைத் திருத்துகிற கடை ஒன்றைப் பிடித்தேன். கடையின் சுவர், மேசை, காலண்டரில் இருந்த முருகன், எல்லாவற்றிலும் செம்மண். அங்கே வருகிறவர் இயந்திரத்தை நிலத்தில் வைத்துவிட்டு முதலில் வெங்காயத்தின் சுகம் சொல்வார், பிறகு வீட்டாரின் சுகம், கடைசியில்தான் இயந்திரத்துக்கு என்ன வருத்தம் என்பது. இதையெல்லாம் ஒரு மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டேன். புறப்படும்போது கடைக்காரர் ஒரு றப்பர் வாசரை என் முன் நீட்டி, இதையென்றாலும் வாங்கிக்கொண்டு போங்கோ என்றார். கொள்கைப்படி மறுத்தேன். அவர் படலை வரைக்கும் வாசரோடு பின்னால் வந்தார். ஒரு வாசரைக்கூட விற்றுவிடத் துடிக்கும் வியாபார உற்சாகம் என்று கட்டுரையில் அவரை மெச்சி எழுதினேன்.

அடுத்தது கொழும்புத்துறை. அங்கே இறங்குதுறைக்குப் போகிற வழியில், மீனை ஏலம் கூறி விற்கும் இடத்துக்கு எதிரே, வலைச் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடை. நைலோன் நூல், ஈயக்குண்டு, மிதப்பு, தூண்டில். நடத்தியவர் என் வயதுள்ள ஒரு பெண். நான் அவரை அக்கா என்றேன்; அவர் என்னை அண்ணை என்றார். இருவரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

கணவர் இருபது வருடம் நடத்திய கடை. அவர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, அக்கா கடையைத் திரும்பத் திறந்து அன்றைக்கு மூன்றாம் நாள். கணவரின் தம்பி, பெண்ணாள் தனியே கடற்சாமான் விற்பது சரிவராது, கடையைத் தன்னிடம் தரச்சொல்லிக் கேட்டிருந்தார். தை மாதம் வரைக்கும் பார்க்கிறேன், ஓடாவிட்டால் எடுத்துக்கொள் என்று அக்கா சொல்லியிருந்தார். இதையும் அவரே சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். நூலை இரண்டு விரலுக்குள் உருட்டி, பார்க்காமலேயே எத்தனை இழை என்று சொல்கிறவர் அவர். கணவர் உயிரோடு இருந்தபோதும் சந்தேகம் வந்தால் உள்ளே வந்து இவரிடம்தான் கேட்பாராம். அதையும் எழுதிக்கொண்டேன்.

"ஏதேனும் ஒண்டு எடுத்துக்கொண்டு போங்கோ அண்ணை" என்றார் அக்கா.

சிரித்தபடி மறுத்தேன். இரண்டாம் தரமும் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். வெளியே மின்கம்பத்தடியில் இரண்டு கடற்றொழிலாளர்கள் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை வாசிக்கிறவர்கள் போலிருக்கிறது என்று நினைத்து, ஸ்கூட்டியில் ஏறும்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கட்டுரை வந்தது. நல்ல வரவேற்பு. நானும் பாராட்டினேன், நண்பரும் பாராட்டினார்.

மூன்றாவது மாதம் பண்டத்தரிப்பு. பள்ளிக்கூட உடுப்புத் தைக்கும் ஒரு தையற்காரர். அந்த ஊரில் கடைகள் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை, பள்ளிக்கூட மணிதான். நான் போனபோது தையற்காரர் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றார். முகத்தில் மட்டும் நல்ல சிரிப்பு.

"நீங்கள் அந்தக் கடையளைப் பற்றி எழுதிற ஆள்தானே?"

பண்டத்தரிப்பு வரைக்கும் புகழ் வந்துவிட்டதே என்று உள்ளே குளிர்ந்தது. ஓம் என்றேன்.

"அப்ப அந்த மதகிலை கொஞ்சம் இருங்கோ. ஆரும் வந்து துணி தரட்டும். பிறகு வாங்கோ, ஆறுதலாக் கதைப்பம்."

மதகில் முக்கால் மணி நேரம் இருந்தேன். ஒரு தாய் வெள்ளைத் துணிப் பொட்டலத்தோடு வந்து, அளவு சொல்லி, துணியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு தையற்காரர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார். ஒரு கெட்ட செய்தியை வீட்டாருக்குச் சொல்லும் டொக்டர் மாதிரி, மெல்ல மெல்ல விசயத்துக்கு வந்தார்.

காலையில் கடைக்குள் ஏறுகிற முதல் ஆள் ஒன்றும் வாங்காமல் இறங்கினால் அன்றைய வியாபாரம் அவ்வளவுதான். ஒரு ஊசி என்றாலும் வாங்கவேண்டும். நானோ ஏறி, ஒரு மணி நேரம் கதைத்து, கொப்பியை மடித்துக்கொண்டு வெறுங்கையோடு இறங்குகிறேன். உரும்பிராயில் அன்றைக்கு வந்த ஒரே ஓர் இயந்திரமும் திருத்த ஏலாதது. அதுகூடப் பரவாயில்லை. கொழும்புத்துறையில் அன்றைக்குக் கடலில் ஒன்றும் படவில்லை, அடுத்த இரண்டு நாளும் காற்று. மின்கம்பத்தடியில் நின்ற இருவரும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கை சரியில்லாத ஆள் ஏறிய கடை, திறந்து மூன்றே நாள், நடத்துகிறவர் ஒரு பெண். இப்போது அந்தத் துறைக்காரர்கள் நூல் வாங்கப் பட்டணத்துக்குப் போகிறார்களாம். கணவரின் தம்பி வந்து தட்டுகளை அளந்துவிட்டும் போய்விட்டாராம். தையற்காரரின் மனைவி கொழும்புத்துறைப் பக்கம். அப்படித்தான் கதை வந்திருக்கிறது.

"உது பொய்யெண்டு எனக்கும் தெரியும்" என்றார் தையற்காரர். "ஆனா அந்தத் தையல் மிசினுக்குத் தெரியாதே."

அன்றைக்கு அவரிடம் இரண்டு சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவியிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"இஞ்சருங்கோ, நான் காலமை கடைக்குப் போய் ஒரு நெருப்புப்பெட்டியாவது வாங்காமல் திரும்பினனானோ? உங்களுக்கு இது தெரியாதோ?"

தெரியும். இந்த மண்ணில் பிறந்தவனுக்கு இது தெரியாமல் இருக்காது. வழியில் யார் முகத்தில் விழித்தோம் என்று முழுவியளச் சகுனம் பார்த்துத் திரும்பி வருகிற சித்தப்பாமாரோடு வளர்ந்தவன் நான். ஆனால் அந்தச் சட்டம் வாங்க வருகிறவர்களுக்கு, எழுத வருகிறவனுக்கு விலக்கு உண்டு என்று எப்படியோ நினைத்துவிட்டேன். புத்தகம் வாசிக்கிறவனுக்கு வரும் வருத்தம் இது. எல்லாவற்றையும் கவனிப்பான், தான் அங்கே நிற்பதை மட்டும் கவனிக்கமாட்டான்.

அடுத்த நாள் கொழும்புத்துறைக்குப் போனேன். இம்முறை பத்தரைக்கு, தொப்பியோடு. கடைக்குள் அக்கா தனியே இருந்தார். நூல் உருண்டைகளைத் தூசு தட்டி அடுக்கியிருந்தார். விற்காத கடையில்தான் அவ்வளவு ஒழுங்கு இருக்கும். நான் மன்னிப்புக் கேட்டேன். இருக்கிற நூல் முழுவதையும் நானே வாங்குகிறேன் என்றேன். வாங்கிப்போட்டு நீங்களோ அண்ணை வலை கட்டப்போறியள், வெறுந்தட்டை வைச்சுக்கொண்டு நான் இருக்கவோ என்றார். அப்படியானால் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அடுத்த இதழில் விளக்கி எழுதுகிறேன் என்றேன். அதற்குத்தான் அவர் உண்மையாகவே பயந்தார்.

"எழுதிப்போடாதேங்கோ. இன்னும் அறியாத ஆக்களும் அறிஞ்சுபோடுவினம்."

பிறகு எட்டி வெளியே கடலைப் பார்த்தார். ஐப்பசி பிறந்திருந்தது, மழை இன்னும் தொடங்கவில்லை.

"மழை விழட்டும். நான் போன் எடுக்கிறன். அண்டைக்கு வெள்ளண வாங்கோ. எல்லாரும் பாக்க, முதல் ஆளா வந்து வாங்கோணும்."

என் கையாலா என்று கேட்டேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"முதல் மழைத் தண்ணி கடலுக்கை இறங்கினா, மூண்டாம் நாள் இறால் கிளம்பும். நீங்கள் வாங்கினாலும் கிளம்பும், வாங்காட்டியும் கிளம்பும். நீங்கள் வாங்கின பிறகே கிளம்பட்டும்."

கிளம்பாவிட்டால் என்று கேட்டேன். "கிளம்பாட்டி, மனிசன்ரை தம்பி தட்டை அளந்தது சரி" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே நேராக இருந்த ஓர் உருண்டையை நேராக்கினார்.

அதற்குப் பிறகு நான் வானத்தைப் பார்த்த மாதிரி ஒரு வெங்காயக்காரனும் பார்த்திருக்கமாட்டான். ஐப்பசி நடுவில் மழை விழுந்தது. முற்றம் நிறைந்தது, ஒழுங்கை நிறைந்தது, இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் விடியப்புறம் போன் வந்தது. வாங்கோ என்ற ஒரே சொல்.

வெள்ளத்துக்குள்ளால் ஸ்கூட்டியை உருட்டியும் ஓடியும் போய்ச் சேர்ந்தேன். மீன் கூறும் இடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள், படகுகள் இன்னும் வரவில்லை. நான் இறங்கியதும் கதை நின்றுவிட்டது. மேடைகளில் பேசியிருக்கிறேன், இவ்வளவு கவனத்தோடு என்னை ஒருவரும் பார்த்ததில்லை. கடை வாசல் பத்து அடி தூரம். சறுக்கி விழுந்தால் கதை முடிந்தது என்று, கல்யாண வீட்டு மணமகன் மாதிரிப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தேன்.

நூல் வேண்டும் என்றேன். அக்கா என்னைத் தெரியாதவர் போல, எத்தனை உருண்டை என்று எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகக் கேட்டார். ஒன்று என்றேன். அவர் தட்டுப் பக்கம் திரும்பவேயில்லை. இரண்டு என்றேன். சுற்றித் தந்தார். சுற்றிய தாள் எங்கள் இதழ். என் பக்கம்கூட அல்ல, சமையற் குறிப்பு.

திரும்பிப் போகலாம் என்று நினைத்தேன். வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னார். இருந்தேன், மடியில் இரண்டு உருண்டை நூலோடு.

முதல் படகு வந்தது. கொஞ்சம் திரளி மீன், அவ்வளவுதான். இரண்டாவது படகில் நண்டும் சாதாளைப் பாசியும். மின்கம்பத்தடி ஆட்களில் ஒருவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு மடியில் இருந்த நூலைப் பார்த்தார், பிறகு மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். உள்ளே அக்கா ஈயக்குண்டுகளைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்காத ஈயம். நிறுத்துக் கொட்டிவிட்டு அதையே திரும்ப நிறுத்தார். எனக்கு எழுந்து ஓடவேண்டும் போல் இருந்தது. ஓடினால் அதற்கும் ஒரு பலன் சொல்வார்களே என்று இருந்துவிட்டேன்.

மூன்றாவது படகு தண்ணீருக்குள் தாழ்ந்து வந்தது. கரையில் ஒரு சின்ன அசைவு. யாரும் கத்தவில்லை, ஆட்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியதில்தான் எனக்கு விளங்கியது. கூடையைக் கவிழ்த்தபோது இறால், ஈரச் சாக்கில் துள்ளிக்கொண்டு. நாலாவது படகிலும் அதே. அக்கா தராசை வைத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல், முந்தானையால் முகத்தை ஒருதரம் துடைத்தார்.

மீன் கூறுகிறவர் அந்தத் துறையில் பெரிய ஆள். உருவமும் பெரிது, குரலும் பெரிது. அவர் ஏறிய கடையில் மற்றவர்கள் ஏறுவார்கள். கூறி முடித்து, ஈரக் கையோடு நேரே கடைக்கு வந்தார்.

"உம்மடை கை பரவாயில்லைப் போல கிடக்கு" என்றார், தெரு முழுவதும் கேட்க. பிறகு அக்காவிடம் மூன்று உருண்டை நூலும் மிதப்பும் கேட்டார். அக்கா உள்ளே திரும்பியதும் என் காதருகே குனிந்தார். "மழைக்குப் பிறகு மூண்டு நாள் எண்ண எங்களுக்கும் தெரியும் ஐசே. ஆனா திரும்பி வரவும் ஒரு சாட்டு வேணுமெல்லோ."

அவருக்குப் பின்னால் மின்கம்பத்தடி ஆட்கள் இருவரும் நின்றார்கள்.

தை வந்தது. கணவரின் தம்பியும் வந்தார், தூண்டில் வாங்க. அக்கா எல்லாருக்கும் கொடுக்கிற மாதிரிக் கொடுத்தாராம்.

என் கொள்கை இப்போது தலைகீழ். உரும்பிராயாரிடம் போய் வாசர் வாங்கினேன். கட்டுரையில் அவரை மெச்சியதற்கு மன்னிப்பும் கேட்டேன். பண்டத்தரிப்பில் தைத்த சட்டைகள் கழுத்து இறுக்கம், ஆனாலும் போடுகிறேன். கொழும்புத்துறையில் நான் கைராசிக்காரன். புது வலை இறக்கும் நாளில் அக்கா போன் எடுப்பார், நான் போய் முதல் உருண்டை வாங்குவேன். எங்கள் வீட்டில் உடுப்புக் காய்கிற கொடி, பாகற் பந்தல், கோழிக்கூட்டு வலை எல்லாம் நைலோன் நூல்தான். மனைவிக்கு என் கொள்கை எப்போதும் ஏதாவது ஒரு விதத்தில் இடைஞ்சல்.

போன கிழமை இரண்டு புதுவலை இறங்கியதாகக் கேள்விப்பட்டேன். என்னைக் கூப்பிடவில்லை. கொஞ்சம் மனத்தாங்கலோடு நானே போன் எடுத்து, நாளைக்குக் காலையில் வரட்டா என்று கேட்டேன். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா வெளியே போய் வானத்தைப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"வேண்டாம் அண்ணை" என்றார். "காத்துச் சரியில்லை, உங்கடை கைராசி கெட்டுப்போகும். நீங்கள் படுங்கோ."