குளிர் அறையில் ஒரு சுருட்டுப் பெட்டி

பிணவறை வேலைக்கு வருபவர்கள் ஆளுக்கொரு புகையைப் பழகிக்கொள்வார்கள். ஒருவருக்குப் பீடி. இன்னொருவர் கொசுவர்த்திச் சுருளைக் கையில் பிடித்துக்கொண்டே தரை கழுவுவார். ஜில்லுவுக்கு அமைந்தது சுருட்டு. வேலை முடிந்ததும் கட்டடத்தின் பின்சுவரை ஒட்டிக் குந்தி ஒன்றைப் பற்றவைப்பார். புகையை நெஞ்சுக்குள் விடமாட்டார். வாயில் நிறுத்தி மூக்கு வழியாக மெல்ல வெளியேற்றுவார். அன்றைக்கு மூக்கில் ஏறியதெல்லாம் அந்த வழியிலேயே இறங்கிப் போய்விடும் என்பது அவர் கணக்கு.

ஜில்லு என்பது ஆஸ்பத்திரி வைத்த பெயர். நாளெல்லாம் குளிர்பெட்டிகளின் கைப்பிடியில் கிடக்கும் கை கோடையிலும் சில்லிட்டிருக்கும். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் பேச்சு வேலையில் வந்து முட்டியதும் நின்றுபோனது. பழகியவர்கள் வீட்டுக்குப் போனால் உட்காரச் சொல்வார்கள், அவர் எழுந்த பிறகு நாற்காலியைத் துடைப்பார்கள். வாசலைத் தாண்டும்போதே துணி உதறும் சத்தம் காதில் விழும். தட்டு வைத்துச் சோறு போட்டது ஒரே ஒரு வீடு, தங்கை வீடு. தினமும் சாயங்காலம் அங்கேதான் சாப்பாடு.

"குளிச்சியாண்ணே?"

"குளிச்சேன்."

"சோப்புப் போட்டா?"

"இல்ல, சிமெண்டு போட்டு."

"வாயைப் பாரு. வந்து உக்காரு."

தங்கையின் கணவர் வீட்டு முன்னறையில் சுருட்டுக் கடை வைத்திருந்தார். ஒரு மேசை, சுவரோடு அடுக்கிய மரப்பெட்டிகள், வாசலில் வாடிக்கையாளர்கள் உட்கார ஒரு பெஞ்சு. மூன்று பேரின் சாப்பாடும் அந்த மேசையிலிருந்துதான் வந்தது. ஜில்லுவின் சம்பளம் பாதிக்குமேல் பழைய கடனுக்கே போய்க்கொண்டிருந்தது.

அந்த வருஷக் கோடையில் சுருட்டில் வண்டு விழுந்தது. எள்ளளவு பழுப்பு வண்டு. இலைக்குள் முட்டையாகக் கிடந்து, வெக்கை ஏறினால் பொரிந்து, உள்ளேயே தின்று வளர்ந்து, குண்டூசி குத்தியதுபோல் ஓட்டை போட்டு வெளியே வரும். ஓட்டை விழுந்த சுருட்டை இழுத்தால் வெறும் காற்றுதான் வரும். ஒரு பெட்டியில் விழுந்தால் அடுத்த பெட்டிக்கும் தாவும். மருந்தடிக்க முடியாது, வாயில் வைக்கும் பொருள். கடுங்குளிரில் போட்டு எடுப்பதுதான் வழி என்று சரக்குக் கொண்டுவருபவர் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் போட்டுப் பார்த்தார்கள். கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததில் குளிர் போதவில்லை, முட்டை சாகவில்லை. உறைந்ததை நேராக எடுத்து வெயில் படும் மேசையில் வைத்ததால் மேலிலை வெடித்தது. மூடாமல் வைத்ததால், நறுக்கி வைத்திருந்த வெங்காயத்தின் வாசனை முழுவதும் சுருட்டில் ஏறிவிட்டது. அதில் ஒன்று கப்பல்காரர் கையில் போய்ச் சேர்ந்தது. கப்பலில் சமையல் பார்த்து ஓய்ந்தவர், தினமும் அந்தப் பெஞ்சில் உட்காருபவர், நாக்கு விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பவர்.

"என்னய்யா இது, பத்த வச்சா தாளிக்கிற வாசம் வருது?"

கடைக்காரர் உண்மையைச் சொன்னார்.

"அதானே பார்த்தேன். குளிர்ல போட்டா இலையில இருக்கற எண்ணெய் செத்துரும். அப்புறம் அது சுருட்டு இல்ல, சருகு. எரிக்கலாம், குடிக்க முடியாது."

பெஞ்சில் இருந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள். வாங்க வந்தவர்கள் "ஃப்ரிட்ஜுல வச்சதா?" என்று கேட்டுவிட்டு வாங்காமல் போகத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் வண்டு, இன்னொரு பக்கம் கப்பல்காரர்.

ஒரு நாள் சாப்பாடு முடிந்து கிளம்பிய ஜில்லுவின் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் கடைக்காரர் வந்தார்.

"மச்சான், உங்க இடத்துல பெரிய ஐஸ்பெட்டி இருக்குல்ல?"

"இருக்கு. ஆளைப் படுக்க வைக்கறதுக்கு."

"எல்லாத்துலயும் ஆள் இருக்கா?"

ஜில்லு நின்றார். "மாப்ள, வேற பேச்சுப் பேசு."

"பேசலாம். கடை போச்சுன்னா நாம மூணு பேரும் எங்க சாப்பிடறதுன்னு பேசலாம்."

"தங்கச்சிகிட்ட கேட்டியா?"

"அவகிட்டக் கேட்டா, அந்தப் பெட்டியில மொதல்ல என்னைப் படுக்க வச்சிருவா."

ஜில்லு சில நாள் பிடிகொடுக்கவில்லை. தங்கை அவருக்குப் போட்டுவிட்டுத் தனக்குக் குறைத்துக்கொள்வதைப் பார்த்த பிறகு ஒத்துக்கொண்டார்.

பிணவறையில் இரண்டு வகைக் குளிர் உண்டு. முன்னறைப் பெட்டிகள் நான்கு டிகிரி. உறவுக்காரர்கள் வந்து வாங்கிப்போகும்வரை அது போதும். உள்ளறை பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது. யாரென்று தெரியாமல் மாதக்கணக்கில் கிடப்பவர்களுக்கு. உறைந்த உடலை வெளியே எடுக்க வேண்டி வந்தால் அவசரப்படக் கூடாது. முதலில் நான்கு டிகிரிக்கு மாற்றி, உள்ளே இருக்கும் ஐஸ் தானாக விடும்வரை காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல்தோல் கெடத் தொடங்கியிருக்கும், உள்ளே கல்லாக இருக்கும். சுருட்டுக்கும் அதே முறையைத்தான் ஜில்லு கைக்கொண்டார். பெட்டியை ஒன்றுக்கு இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டுவார். முதலில் முன்னறைக் குளிர், பிறகு உள்ளறைக் குளிர், மறுபடியும் முன்னறை, அதன் பிறகுதான் வெளியே. காலியான இழுப்பறை ஒன்றை மருந்து போட்டுக் கழுவி அதற்கென்று ஒதுக்கியிருந்தார்.

முதல் பெட்டி வந்ததும், குளிர் கண்டது ஒன்று, காணாதது ஒன்று என்று இரண்டை எடுத்துப் பின்சுவரோரம் உட்கார்ந்து மாற்றி மாற்றி இழுத்தார். காரம் அதே காரம். சாம்பல் அதே வெள்ளை. மேலிலையில் ஒரு கீறல் இல்லை.

"ஒரு வித்தியாசமும் இல்ல மாப்ள."

"உங்க மூக்கை நம்பி யாவாரம் பண்ண முடியுமா மச்சான்? அது எப்பவோ ரிட்டயர் ஆயிருச்சு."

எனவே ஒன்றும் சொல்லாமல் கப்பல்காரரிடம் ஒன்றை நீட்டினார்கள். அவர் பற்றவைத்தார், கண்ணை மூடினார், நிதானமாகப் புகையை விட்டார்.

"இப்பத்தான்யா சரக்கு சரக்கா இருக்கு. காரம் தணிஞ்சு, பின்னால ஒரு இனிப்பு நிக்குது. எங்க எடுக்கறே?"

"தெரிஞ்ச இடம்."

"விட்றாத."

கடை நிமிர்ந்தது. பெஞ்சில் இடம் கிடைக்காமல் சிலர் நின்றுகொண்டு குடித்தார்கள். தங்கைக்கு எதுவும் தெரியாது. ஃப்ரிட்ஜின் குளிரைக் கூட்டி வைத்ததில்தான் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தாள்.

மழை தொடங்கிய சமயத்தில் ஒரு பஸ் கவிழ்ந்தது. அது ஜில்லுவுக்கு அடுத்த ஷிப்டில். இழுப்பறைகள் போதவில்லை. அந்த ஷிப்ட்காரர் உள்ளறையில் தேடியபோது ஒன்றில் ஆள் இல்லாமல் ஒரு பெட்டி மட்டும் இருந்தது. யாரென்று தெரியாதவர்களோடு வரும் பொருளைக் காலடியில் வைப்பது அங்கே வழக்கம். அது யாருடையதோ இடம் மாறிக் கிடக்கிறது என்று நினைத்து, காலடியில் எதுவும் இல்லாத ஒருவரின் இழுப்பறையில் அதை வைத்துவிட்டுப் போனார். அந்த ஒருவர் ஆற்றில் கிடந்து எடுக்கப்பட்டவர்.

மறுநாள் மதியம் ஜில்லுவின் ஷிப்டில் ஒரு காவலரும் ஒரு பெண்ணும் வந்தார்கள். வேறு ஸ்டேஷன் காவலர். அந்தப் பெண் பஸ் நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருப்பவள். வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள், கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவளுடைய அப்பாவைக் காணாமல் மழைக்கு முன்பிருந்தே தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஜில்லு இழுப்பறையை இழுத்தார். முகத்தை வைத்துச் சொல்ல வழியில்லை, உடுப்பும் இல்லை. அவள் அழவில்லை. நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, மூடியிருந்த துணி மேலேயே தோளுக்குத் தோள் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு நான்தான் சட்டை தைக்கறது," என்றாள் காவலரிடம். "தோள் இதேதான்." ஜில்லுவிடம் திரும்பினாள். "காலைப் பாக்கலாமா? அவருக்கு ரெண்டாவது விரல் பெருவிரல் மேல ஏறியிருக்கும்."

ஜில்லு கால்பக்கத் துணியை விலக்கினார். விரல் ஏறியிருந்தது. அதற்குப் பக்கத்தில், உறைக்குள், அவர் கட்டிய முடிச்சோடு சுருட்டுப் பெட்டி இருந்தது.

"இது என்ன?" என்றார் காவலர். குனிந்து பெட்டி மேல் இருந்த படத்தைப் பார்த்தார். "சுருட்டு."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "சுருட்டா? அப்போ இது அப்பா இல்ல சார். அந்தப் புகை பட்டாலே அவருக்கு வாந்தி வரும். பஸ்ல யாராவது பத்த வச்சா பாதியில இறங்கி நடந்தே வருவாரு. தொடவே மாட்டாரு சார்."

"தோளு, விரலு எல்லாம் சரியா இருக்குன்னீங்களே."

"எத்தனையோ பேருக்கு இருக்கும் சார்."

காவலர் ஜில்லுவைப் பார்த்தார். "இவர் பொருள்தானே இது?"

"கூட வந்த பொருளைக் காலடியிலதான் சார் வைப்போம்," என்றார் ஜில்லு.

அந்தச் சொற்களில் பொய் எதுவும் இல்லை. அது போதுமானதாக இருந்தது. காவலர் குறித்துக்கொண்டார். இந்த உடலுக்கு வைத்திருந்த கெடு முடிந்துவிட்டது, நாளைக் காலை பத்து மணிக்கு நகராட்சி வண்டி வந்து எடுத்துப் போய்ப் புதைத்துவிடும் என்றார். வாசலில் அந்தப் பெண் போனில் பேசுவது உள்ளே கேட்டது. "இது வேற யாரோம்மா. நீ எந்திரிச்சு ஏதாவது சாப்பிடு." அவள் சிரிப்பதும் கேட்டது.

அன்று சாயங்காலம் தட்டில் கை வைக்காமலேயே ஜில்லு எல்லாவற்றையும் சொன்னார். தங்கை கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"பொணத்துக்கு நடுவுலயா வச்சீங்க?"

"தனியா வச்சோம். ரெண்டு உறை போட்டு..."

"நான் உறையைக் கேக்கல."

கணவர் குறுக்கிட்டார். "நாளைக்கு வண்டி வந்தா முடிஞ்சுது. அப்பா எங்கயோ நல்லா இருக்காருன்னு அந்தப் பொண்ணு நிம்மதியா இருக்கட்டுமே மச்சான். யாருக்கு என்ன நஷ்டம்?"

"அந்த நிம்மதி எத்தனை வருஷத்துக்கு இருக்கும்?" என்றாள் தங்கை. அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீ என்ன பண்ணப் போறே?"

"சொல்லத்தான் போறேன்."

"சொன்னா கடை போயிரும்ண்ணே."

"போயிரும்."

தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். அவர் அதைச் சாப்பிட்டு முடித்தார்.

காலையில் தையல் கடை திறக்கும்போது ஜில்லு படிக்குக் கீழே நின்றார். உள்ளே போகவில்லை. அந்தச் சுருட்டு தன்னுடையது, அந்த மனிதரோடு எதுவும் வரவில்லை, விரலும் தோளும் அவள் பார்த்ததுதான் என்று நின்ற இடத்திலிருந்தே சொன்னார். அவள் கையில் இருந்த துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"நேத்து ஏன் சொல்லல?"

அவள் துணியை மேசை மேல் வைத்தாள்.

"இத்தனை நாள் கழிச்சு அம்மா நேத்துத்தான் தூங்கினாங்க. நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீங்க வாங்க. நீங்களே சொல்லுங்க."

சாவைச் சொல்வது அதுவரை அவர் வேலையாக இருந்ததில்லை. டாக்டர் சொல்வார், காவலர் சொல்வார், இவர் இழுப்பறையை இழுப்பார். வீட்டில் அந்த அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தார். ஜில்லு சுருட்டில் விழுந்த வண்டிலிருந்து ஆரம்பித்து விரல்வரை எதையும் விடாமல் சொன்னார். அந்த அம்மா சீப்பைக் கீழே வைக்கவே இல்லை. கேட்டது ஒன்றைத்தான்.

"அந்த வாசம் அவரு மேல பட்டிருக்குமா?"

"இல்லம்மா. இறுக்கிக் கட்டியிருந்தேன். உள்ள இருக்கற வாசம் வெளியே வராது."

"அப்போ சரி," என்றார் அந்த அம்மா. பிறகுதான் அழுதார்.

நகராட்சி வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். அம்மாவும் மகளும் வந்து அவரை எடுத்துப் போனார்கள். ஜில்லுவின் மேல் விசாரணை நடந்தது. வேலை போகவில்லை, துணி வெளுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்குள் விஷயம் பெஞ்சுக்கு வந்து சேர்ந்திருந்தது. கப்பல்காரர் பாதி தீர்ந்த கட்டு ஒன்றை மேசை மேல் போட்டார்.

"நான் அன்னிக்கே சொன்னேன். மொத இழுப்புலயே ஒரு வாடை. நாக்கைச் சும்மாவா வச்சிருக்கேன்?"

இனிப்பு நின்றதாகச் சொன்னவர் யார் என்று கடைக்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பயனில்லை. பெஞ்சில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் அந்த வாடையைத் தாமும் கண்டதாகச் சொன்னார்கள். சிலருக்கு வயிற்றைப் புரட்டியதாம், சிலருக்குக் கனவு வந்ததாம். வண்டில்லாத, கீறல் இல்லாத சரக்கு அடுக்கியபடியே கிடந்தது. வாங்க ஆளில்லை. ஒரு நாள் எல்லாவற்றையும் பின்பக்கம் கொட்டி கடைக்காரரே கொளுத்தினார். தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

அன்று சாயங்காலம் தங்கை வாசலுக்கே வந்து நின்றாள். கதவை ஒருக்களித்துச் சாத்தியிருந்தாள்.

"கொஞ்ச நாளைக்கு இங்க வராதண்ணே. அவரு இப்ப இருக்கற நிலையில உன்னைப் பாத்தா ஏதாவது சொல்லிருவாரு."

"சொல்லட்டும்."

"நான் கேட்டுக்கிட்டு நிக்க முடியாதுண்ணே."

"எத்தனை நாளைக்கு?"

"சொல்லி அனுப்பறேன்."

ஜில்லு இப்போது ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள மெஸ்ஸில் சாப்பிடுகிறார். பரிமாறுபவர் புதியவர், இவர் யாரென்று தெரியாது, முகம் பார்த்துப் பேசுகிறார். தங்கையிடமிருந்து இன்னும் ஆள் வரவில்லை.