மேனேஜரின் புரட்டாசி

புரட்டாசி பிறப்பதற்கு முதல் நாள், கவுச்சி சமைத்த சட்டிகளைப் புளி போட்டுத் தேய்த்து, பெட்டியில் கட்டி, அலமாரிமேல் ஏற்றிவிடுவது என் வழக்கம். நேற்றும் அதைத்தான் செய்தேன். ஒரு சின்ன அலுமினியச் சட்டி மட்டும் கையிலேயே நின்றுவிட்டது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். மிளகு வாசம் வந்தது, எனக்கு மட்டும்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் சமையலில் என்னை யாரும் அசைக்க முடியாது. பங்சாரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இருபது வருசம் அடுப்பு என் கையில் இருந்தது. என் ரசத்தை மிச்சம் வைத்து எழுந்தவரை நான் பார்த்ததில்லை. அந்தக் கடையின் பின்வாசலுக்குத்தான் மேனேஜர் குட்டியாக வந்து சேர்ந்தான்.

மேனேஜர் என்றால் நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். ஒரு வேலையும் செய்யாமல், நாங்கள் பாத்திரம் தேய்ப்பதை உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பான். அதனால் அந்தப் பெயர். கடையின் உண்மையான மேனேஜருக்கு இதில் கொஞ்சம் வருத்தம். "மேனேஜர், வெளிய போ!" என்று யாராவது கத்தினால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அவனை என் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குக் கூட்டிப் போனதில் அந்த மனுசனுக்குத்தான் பெரிய நிம்மதி.

என் வீட்டில் புரட்டாசி என்றால் எல்லாருக்கும் புரட்டாசி. அவனுக்கும் தயிர்சாதம்தான். முதல் இரண்டு நாள் கோபித்துக்கொள்வான். தட்டைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், கேட்டுப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். மூன்றாம் நாள் பசி வந்து தட்டைக் கழுவாமலே கழுவியதுபோல் ஆக்கிவிடுவான். வருசா வருசம் இதே நாடகம். "எங்க வீட்டு நாய்கூட சைவம்டி" என்று பக்கத்து வீட்டுப் பாக்கியத்திடம் பெருமையடித்திருக்கிறேன்.

அவனுக்குப் பதினாலு வயதான புரட்டாசியில், மூன்றாம் நாளும் தட்டு அப்படியே இருந்தது. நாலாம் நாளும் அப்படித்தான். வயசாக ஆக ரோஷம் கூடுகிறது என்று நினைத்தேன். நீயா நானா பார்ப்போம் என்று நானும் வீம்பாக இருந்தேன். ஆறாம் நாள் எழுந்திருக்கப் போனவன் பின்னங்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் ஒரு நோயாளியோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

கிளினிக்கில் "மேனேஜர்!" என்று கூப்பிட்டதும், பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்த சட்டை மடிப்புக் கலையாத ஒருவர் எழுந்து நின்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் சின்னப் பெண், தமிழ்ப் பிள்ளை. படம் எடுத்துப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"ஆன்டி, ஈரல்ல பெரிய கட்டி. இந்த வயசுல ஆப்பரேஷன் தாங்க மாட்டான். மருந்து தரேன். அவனுக்கு எது புடிக்குமோ செஞ்சு குடுங்க. சாப்பிட்டான்னா கொஞ்ச நாள் வெச்சுப் பார்க்கலாம். வாயே வைக்கலேன்னா ஊசி போட்டுத் தூங்க வெச்சிரலாம். வலியோட விட வேணாம்லா."

அவனுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? மறுநாள் காலை பாசாருக்குப் போய்க் கோழிக் கடை முன்னால் நின்றேன். கடை முதலாளி, சீனத் தவுக்கே, கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, இந்த மாசம் நீ காய்கறி மட்டும்லா!"

"எனக்கில்ல தவுக்கே. நாய்க்கு."

வீட்டுக்குள் பெருமாள் படம் இருக்கிறது. அதனால் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தில் சின்ன அடுப்பை வைத்து, இந்தச் சட்டியில் மிளகு போட்டுக் கோழியை ஏற்றினேன். வாசம் சுவரைத் தாண்டியதும் பாக்கியத்தின் தலை தெரிந்தது.

"அக்கா! புரட்டாசியில கோழியா?"

"மேனேஜருக்குடி."

"அவனும் சைவம்னீங்க?"

"பெருமாளா சொன்னாரு? நாந்தான சொன்னேன்."

எலும்பு எடுத்து, சோற்றோடு பிசைந்து, வாயருகே கொண்டுபோனேன். வால் இரண்டு தரம் தரையில் தட்டியது. மோந்து பார்த்தான். என் விரலை மட்டும் நக்கினான். கறியைத் தொடவில்லை.

"விரதத்த விட மாட்டேங்கிறான் போலக்கா" என்றாள் பாக்கியம். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். எனக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. மறுநாள் விடியும்வரை நம்பினேன். விடிந்ததும் வயிற்றைத் தடவினேன், முனகினான். அதுவரை என்னிடம் முனகியதே இல்லை அவன்.

டாக்டருக்குப் போன் போட்டு, இன்றைக்கே வருகிறேன் என்று சொன்னேன். பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சனிக்கெழம வரைக்குமாவது வெச்சிருங்களேன்க்கா, பெருமாள் நாளு" என்றாள்.

"வெச்சிருந்தா எனக்கு நல்லாருக்கும். அவனுக்கு?"

டாக்சியில் ஏற்ற ஒரு பக்கம் பாக்கியம்தான் தூக்கினாள்.

கிளினிக் மேசைமேல் அவன் தலைக்கு என் கையைக் கொடுத்தேன். விரலில் மிளகு வாசம் இன்னும் இருந்திருக்க வேண்டும், நக்கிக்கொண்டே இருந்தான். பிறகு மூச்சு மட்டும் உள்ளங்கையில் பட்டது. பிறகு அதுவும் படவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வீடு இப்போது இல்லை, வரிசையோடு இடித்துவிட்டார்கள். பாக்கியம் காஜாங்கில் மகனோடு இருக்கிறாள். பங்சார் கடை போன் விற்கிற கடையாகிவிட்டது. நான் சுங்கை வே பிளாட்டில், நாய் வளர்க்கக் கூடாத நாலாவது மாடியில். புரட்டாசி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

மற்றச் சட்டியெல்லாம் மேலே போய்விட்டது. இதை மட்டும் கழுவி அடுப்புப் பக்கத்திலேயே கவிழ்த்திருக்கிறேன். பெருமாள் கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன். இன்றைக்குத் தயிர்சாதம் பிசைந்தேன். அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கோபித்துக்கொள்ளத்தான் யாருமில்லை.